ஒரு சாண் மிளகாய்த் தோட்டம்

அந்த வெயில்காலத்தில் தங்கை வீட்டு மிளகாய்ச் செடிகள் தினமும் பதினொன்றரை மணிக்கு வேரோடு தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்று, மூன்றரைக்குத் திரும்ப இறங்கின. பச்சை மிளகாய்க்கு அந்த வருடம் நல்ல விலை.

இதற்குக் காரணம் அக்காதான். அக்கா பயிர் ஆராய்ச்சிக்கூடத்தில் பதினாறு வருடமாக மருந்து கலக்குகிறவள். தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத நானோ துகள்களைத் தண்ணீரில் கலந்து இலையில் தெளித்தால், செடி வெயிலையும் வறட்சியையும் தாங்கிக்கொள்ளும். துகள்கள் சும்மா விட்டால் அடியில் படிந்துவிடும் என்பதால் தெளிப்பதற்குமுன் புட்டியை இருநூறு முறை குலுக்க வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பது மேலதிகாரி அம்மாவின் சட்டம். எண்ணுவதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. தும்மல் வந்தால்கூட எண்ணிவிட்டுத்தான் தும்முவாள்.

தங்கையின் புருஷன் நல்ல மனிதர், ஆனால் பிடித்தால் குரங்குப் பிடி. இரண்டு வெயில்காலம் தொடர்ந்து செடி கருகிப்போனதில் மனம் விட்டுப்போய், நிலத்தைப் பக்கத்து ஊர்க் கிடங்குக்காரர் ஒருவரிடம் விற்றுவிட்டு ஏழு மணி நேரப் பயணத் தூரத்து நகரத்துக்குக் காவல் வேலைக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டார். நாளைக்குக் கிரயப் பத்திரத்தோடு ஆள் வருகிறார் என்று தங்கை போனில் அழுதாள். கூடப்பிறந்தவள் இருப்பதே ஒருத்தி. மேலதிகாரி அம்மாவிடம் கேட்டு, மீந்த மருந்தை வாங்கிக்கொண்டு மாலை பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

தங்கை வீட்டு அடுக்களையில் குலுக்க ஆரம்பித்தாள். நாற்பதில் தங்கை அழுதாள்; எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து. தொண்ணூறில் தங்கை, சின்ன வயதில் அக்கா கிணற்றில் செருப்பைப் போட்டுவிட்டுப் பழியைத் தன்மேல் போட்டதை ஞாபகப்படுத்தினாள்.

“அடிப்பாவி, செருப்ப போட்டது நீடி!”

“நானா? புளுகாத. அம்மாகிட்ட அடி வாங்குனது யாரு?”

மறுபடி ஒன்றிலிருந்து. அழுகை சிரிப்பானது, சிரிப்பு விக்கலானது, விக்கல் நின்றபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. படியாமல் இருப்பதற்காகத்தான் துகள்களைக் குலுக்குவது. அவ்வளவு குலுக்கியதில் அவை படிவது என்றால் என்னவென்றே மறந்துபோயிருந்தன. இது அப்போது யாருக்கும் தெரியாது.

தெளித்தது மாப்பிள்ளைதான். “விக்கிற நிலம்னு செடிய வாட விட முடியுமா?” என்றார். அக்கா கையுறையை நீட்டினாள். “கையுறை போட்டா இலை வாடியிருக்கா இல்லையான்னு தெரியாதுக்கா” என்று வெறுங்கையாலேயே அள்ளித் தெளித்தார். முழங்கை வரை நனைந்தது.

மறுநாள் பதினொன்றே காலுக்குக் கிடங்குக்காரர் வந்தார். காபி குடித்தார், பத்திரத்தை மேசையில் விரித்தார். மாப்பிள்ளை பேனாவைப் பிடிக்கும்போது மணி பதினொன்றரை. அவர் கை தாளுக்கு மேலே ஒரு சாண் எழும்பி நின்றது. அழுத்தினார், இறங்கவில்லை. இடது கையால் வலது கையை அமுக்கலாமென்றால் அதுவும் மேலே. கிடங்குக்காரர் எழுந்து இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார், மேசைதான் ஆடியது.

“என்னங்க, விளையாடுறீங்களா?”

“சத்தியமா இல்லீங்க. கை இறங்க மாட்டேங்குது.”

தங்கைதான் முதலில் சன்னல் வழியாகப் பார்த்தாள். தோட்டம் மொத்தமும் கொதிக்கிற மண்ணை விட்டு எழும்பி, வேரைக் காற்றில் ஆற்றிக்கொண்டு நின்றது. கீழே நிழல். இலை ஒன்றுகூடச் சுருளவில்லை. கிடங்குக்காரர் நாடாவை எடுத்து அளந்தார், பத்திரத்தில் நிலத்தைப் பற்றித்தான் இருக்கிறது, நிலத்துக்கு மேலே நிற்பதைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று தலையைச் சொறிந்தார். மூன்றரை வரை காத்திருந்தார், பாவம். செடிகள் மெல்ல இறங்கி அதனதன் குழியில் கால் வைத்தன. மாப்பிள்ளையின் கையும் இறங்கியது.

“இப்ப போடலாமே?”

மாப்பிள்ளை தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடிக் கிடங்குக்காரரின் சட்டைப்பையில் செருகினார்.

“தப்பா நெனைக்காதீங்க. பூ வச்சிருக்கு.”

தங்கை அக்காவைக் கட்டிக்கொண்டு, மூக்கை அவள் புடவையிலேயே துடைத்தாள்.

மேலதிகாரி அம்மா இரண்டு முறை வந்து ஸ்கேல் வைத்து அளந்து போனார். ஆராய்ச்சிக்கூடத்தில் இயந்திரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்கள், ஆள் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்கள். செடி நன்றாக வளர்ந்ததே தவிர எழும்பவில்லை. ஆறு வருடம் முடிந்தபின் சட்டத்தைத் திருத்தி, செய்முறைக் கையேட்டின் நான்காம் பக்கத்தில், “தங்கையுடன் பேசிக்கொண்டே குலுக்கவும், எண்ண வேண்டாம்” என்று அச்சிட்டார்கள். அதனால் ஒவ்வொரு வெயில்காலமும் அக்காவுக்குப் பத்து நாள் அலுவல் பயணம். செருப்பைக் கிணற்றில் போட்டது யார் என்று இன்னும் முடிவாகவில்லை. மாப்பிள்ளை இன்றுவரை கையுறை போடுவதில்லை. மதியச் சாப்பாட்டைப் பதினோரு மணிக்கே முடித்துக்கொள்கிறார்.