வடக்குச் சுவரின் அடிவரிசை

பலகை உப்பிப் போயிருந்தது. வெண்டல் ஒயாலா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். ஃபைபர் சிமெண்ட் பலகை என்றால் கல்லு மாதிரி நிற்க வேண்டும். இதுவோ நனைந்த புத்தகம் போல ஏடு ஏடாகப் பிரிந்து கையோடு வந்தது.

"மரம்னா உளுத்துப்போகும், இதுன்னா என் காலத்துக்கும் நிக்கும்னு நீதானே சொன்ன?" வீட்டுக்காரி மேவிஸ் குர்ட்டி பின்னால் நின்றிருந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். வெண்டலின் பிள்ளைகளைப் பனியிலும் சறுக்காமல் கொண்டுபோய் விட்டவள். அவள் குரலில் கோபமே இல்லை. 

"என்னன்னு பார்த்துச் சொல்றேங்க" என்றான்.

வீட்டைச் சுற்றி வந்தான். தெற்கும் கிழக்கும் நேற்று அடித்ததுபோலப் பளிச்சென்று இருந்தன. வடக்கில் அடிவரிசை முழுக்கவும், மேற்கில் அதை ஒட்டின மூலையும்தான் கெட்டிருந்தன.  அந்தப் பக்கத்தை அவன் தொடவே இல்லை. தனி ஆளாய் நின்று முடித்தவன் கிளேட்டன். வெண்டலின் தங்கை ஆர்லீனைக் கட்டியவன், ஊருக்குள் இவனோடு சேர்ந்து வீட்டுச் சுவர்களுக்கு வெளிப்பலகை போர்த்தும் கூட்டாளி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மான் வேட்டை தொடங்குகிற வாரம் அது. வடக்கு மினசோட்டாவில் அந்த வாரம் ஒரு சுத்தியல் சத்தமும் கேட்காது. "நீ கிளம்பு மச்சான், இந்தச் சுவர் ஒண்ணுதானே, முடிச்சுட்டு வந்துடறேன்" என்று கிளேட்டன்தான் அனுப்பி வைத்தான். வார முடிவில் வருவான் என்று பார்த்தால், மறுநாள் சாயங்காலமே ஆரஞ்சு வேட்டைக் கோட்டும் சிரிப்புமாக வேட்டைக் குடிசையில் வந்து நின்றான். அன்றைக்கு வெண்டல் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். இப்போது அதே வேகம் சந்தேகமாய் உறுத்தியது.

அந்தப் பக்கம் நிலம் சரிவு. அடிவரிசையை நீளவாக்கில் அறுத்துத்தான் பொருத்த வேண்டும். அறுத்த விளிம்புக்கெல்லாம் பெயிண்ட் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் பலகை தண்ணீர் குடிக்கும், குடித்தது உறையும், உறைந்தால் உப்பும். அந்தக் குளிரில் வெளியே பெயிண்ட் காயவே காயாது. அப்படியானால் எப்படி முடித்தான்? அடிக்காமல்தான் முடித்திருப்பான்.

பிய்ந்த துண்டைத் திருப்பிப் பார்த்தான். விளிம்பு இருந்த இடம் நொறுங்கி, மஞ்சளாய் ஏதோ கறை மட்டும் ஒட்டியிருந்தது. ஊறிப்போன அழுக்கு என்று நினைத்தான். பழந்துணியில் சுற்றி வண்டி இருக்கைக்கு அடியில் தள்ளினான்.

கிளேட்டனிடம் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போய் வந்ததாகச் சொல்லிவைத்தான்.

ஏரிக்கரையில் ஒரு வீட்டுக்கு அப்போது வேலை நடந்துகொண்டிருந்தது. "பல் டாக்டர் என்ன சொன்னாரு மச்சான்? நாக்கையும் பிடுங்கிட்டாரா? வந்ததிலேர்ந்து பேச்சையே காணோம்" என்றான் கிளேட்டன்.

"ஒண்ணுமில்ல மாப்ள. அறு."

ஏணியில் நின்றபடி ஓரக்கண்ணால் கவனித்தான். கிளேட்டன் அறுத்தான், தூசு தட்டினான், தூரிகையை எடுத்து விளிம்பில் இழுத்தான். ஒன்றைக்கூட விடவில்லை. அதுவும் வெண்டலுக்குச் சரியாகப் படவில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்துதான் இப்படிச் செய்கிறான் என்று தோன்றியது. சந்தேகம் வந்துவிட்டால், ஒழுங்காக வேலை செய்கிறவனும் நடிக்கிறவனாகத்தான் தெரிகிறான்.

இவனை இனிமேல் ஒரு சுவரில் தனியாக விட முடியுமா? விட முடியாதென்றால் கூட்டுத்தொழில் எதற்கு? தங்கையிடம் என்ன சொல்லிப் பிரிவது? மத்தியானச் சோறு இறங்கவில்லை.

காப்பிக் குடுவையைத் தேடி வண்டிக்குப் போன கிளேட்டன் கையில் துணிச்சுருளோடு திரும்பி வந்தான்.

"இது எந்த வீட்டுது?"

வெண்டல் ஏணியை விட்டு இறங்கினான். "மேவிஸ் வீடு. வடக்குச் சுவர்."

"அங்கதான் பல் பிடுங்கினியா?"

வெண்டல் ஏணியை மடக்கத் தொடங்கினான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மச்சான்."

"சரி, இப்பக் கேக்கறேன். விளிம்புக்கு பெயிண்ட் அடிச்சியா, அடிக்கலையா?"

 கிளேட்டன் கருவிகள் தொங்கிய இடுப்புப் பட்டையைக் கழற்றி எறிந்தான். "ஏறு வண்டியில."

 மேவிஸ் வீட்டுக்குப் போனதும் கிளேட்டன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராக வடக்குச் சன்னலுக்குப் பக்கத்தில் போனான். கீழே இல்லை, தோள் உயரத்தில் ஒரு பலகை. ஆணியோடு நெம்பி எடுத்து, சன்னலுக்காக அறுத்த விளிம்பை வெண்டலின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இதை யாரு அடிச்சா? நீ சுடப்போன மானா?"

விளிம்பு நெடுக, வெண்ணெய் மாதிரி மஞ்சள். கெட்டியாக, இடைவெளி இல்லாமல், பொறுமையான கை அடித்தது. அந்த மஞ்சளை வெண்டலுக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ தடவை காப்பி குடித்திருக்கிறான்.

"ஆர்லீனோட சமையலறை..."

"மீந்த பெயிண்ட். வெள்ளை தீர்ந்துபோச்சு. எங்க கராஜ்ல அடுப்பை மூட்டி உக்காந்துகிட்டு, நான் அறுக்க அறுக்க அவதான் அடிச்சா. காஞ்சதை நான் கொண்டுவந்து ஏத்தினேன். உன்கூட வேட்டைக்கு வரணும்னு எனக்கு ஆசை, அதுக்காக அவ கஷ்டப்பட்டா."

"ஏன் சொல்லலை?"

"மஞ்சள்னு தெரிஞ்சா அண்ணன் வருஷம் பூரா கிண்டல் பண்ணுவான்னு சத்தியம் வாங்கிட்டா. போதுமா?"

சத்தம் கேட்டு மேவிஸ் காப்பியும் ஏலக்காய் ரொட்டியுமாக வெளியே வந்தாள். பிடுங்கிய பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "எனக்கும் ஒண்ணும் புரியலப்பா. நான் ஒரு குறையும் வைக்கலை. முதல் பனி விழுந்ததுமே, எங்க மாமனார் பண்ணின மாதிரி, காத்து அடிக்கிற பக்கமெல்லாம் முழங்கால் உயரத்துக்கு பனியை அள்ளிச் சுவரோட அணைச்சுட்டேன். தரைக்கடியில குளிர் ஏறாம இருக்கட்டும்னு. ரெண்டு குளிர்காலமும் தவறாம."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடிவரிசையைப் பார்த்தார்கள்.

ஊரே செய்கிற காரியம்தான். வெண்டலின் அப்பாவும் செய்தார். அந்தக் காலத்து மரச் சுவரில் தார்த்தாளை ஆணியடித்துவிட்டுத்தான் அணைப்பார்கள். இந்தப் பலகைக்கு அது ஆகாது. மாசக்கணக்கில் பனி ஒட்டிக்கொண்டு உருகி உருகி உறைந்தால் எந்தப் பெயிண்டும் தாங்காது. ஊரே செய்கிறது என்பதால்தான், வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்களிடம் மறக்காமல் சொல்லிவிட்டு வர வேண்டும். அறுப்பது கிளேட்டன் பொறுப்பு, சொல்வது வெண்டல் பொறுப்பு. அப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கிளேட்டன் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. காப்பியை ஊதிக்கொண்டு சும்மா நின்றான்.

"பனி இந்தப் பலகையில படவே கூடாதுங்க" என்றான் வெண்டல். "நான் சொல்லியிருக்கணும். சொல்லலை. வேட்டைக்குப் போயிட்டேன்."

"சுட்டியா?"

"இல்லைங்க."

"நல்லாத்தான் இருக்கு. மானும் இல்லை, சுவரும் இல்லை" என்றாள் மேவிஸ். ஆனாலும் ரொட்டித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அடிவரிசையை என் செலவில் மாற்றித் தருகிறேன், குளிர் ஏறாதபடி அடித்தளத்துக்கு வெளியே தெர்மோகோல் பலகையும் வைத்துத் தருகிறேன் என்று வெண்டல் சொன்னான். கிளேட்டன் பிடுங்கியதைத் திரும்ப ஆணியடித்தான். மஞ்சள் மறுபடி உள்ளே மறைந்தது.

திரும்பும் வழியில் வெண்டல்தான் முதலில் வாயைத் திறந்தான். "மாப்ள, சனிக்கிழமை நீராவிக் குளியலுக்கு சாவ்னா அறையைச் சூடு பண்றீங்களா?"

"எப்பவும் பண்றதுதானே. வா. வந்து, அடுப்புல விறகு ஒழுங்கா போட்டிருக்கேனான்னும் எட்டிப் பாரு."

"ஆர்லீன்கிட்ட சொல்லப்போறியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அந்தத் துண்டு உன்கிட்டதான் இருக்கு. நீயே கொண்டுவந்து, என்ன நினைச்சேன்னு அவகிட்ட சொல்லு." கிளேட்டன் தன் வீட்டு வாசலில் இறங்கினான். வண்டிக் கதவை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகச் சாத்தினான்.

வெண்டல் வண்டியை எடுக்கவில்லை. துணிச்சுருளைப் பிரித்து, அழுக்கு என்று நினைத்த அந்தக் கறையை நகத்தால் சுரண்டினான். சின்ன மஞ்சள் செதில் ஒன்று கழன்று விரலில் ஒட்டிக்கொண்டது. சமையலறைச் சன்னல் திரை லேசாய் விலகியது. தங்கை அவனைப் பார்த்துக் கையசைத்தாள். சனிக்கிழமை வரைக்கும் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது. துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினான்.