சீராக வந்த காபி மெஷின்

என் மச்சான் நாச்சிமுத்து எனக்குச் செய்த துரோகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். வரிசை மாறினால் எனக்கு நியாயம் கிடைக்காது.

பூம்பாறையில் எங்களுக்குப் பூண்டு வெள்ளாமை. போன கார்த்திகையில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினோம். பெண் கொடுத்த வீட்டார் பழனியிலிருந்து வேன் பிடித்துச் சீர் கொண்டு வந்தார்கள். குத்துவிளக்கு, அண்டா, பழத்தட்டு எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாக ஒரு பெரிய அட்டைப் பெட்டி இறங்கியது. உள்ளே எஸ்பிரசோ மெஷின். என் மனைவி சண்முகசுந்தரியின் அண்ணன்தான் நாச்சிமுத்து. பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறான். ஒரு வருடம் தன் வீட்டில் காபி போட்டுக் குடித்த மெஷினை, பெரிதாக வேறொன்று வாங்கியதும், தங்கச்சி வீட்டுக்குச் சீராகக் கொண்டுவந்துவிட்டான்.

பழசு கொடுத்தான் என்று எனக்குக் கோபம் இல்லை. அதற்கு ஆசைப்பட்டதே நான்தான். பழனிக்குப் போகும்போதெல்லாம் அந்த மெஷின் முன்னால் போய் நின்றுவிடுவேன். மச்சான் காபிக்கொட்டையைப் பதினெட்டு கிராம் நிறுத்து அரைப்பான். தூளைக் கைப்பிடி வைத்த கிண்ணத்தில் கொட்டி, விரலால் சமப்படுத்தி, நேராக அமுக்குவான். மெஷினில் மாட்டிப் பொத்தானைத் தட்டினால் ஐந்தாறு விநாடி ஒன்றும் வராது. அப்புறம் தேன் இறங்குகிற மாதிரி இரண்டு நூலாக இறங்கும். அரை நிமிடத்துக்குள் இரண்டு மடக்கு காபி, மேலே பொன் நிறத்தில் நுரை. அதைக் குடித்துவிட்டால் அரை மணி நேரத்துக்கு வேறு எதையும் வாயில் போட மனசு வராது.

"புடிச்சிருக்கா மாப்ள?" என்பான்.

"பரவால்ல மச்சான்" என்பேன். ரொம்பப் புகழ்ந்தால் நம் மதிப்பு இறங்கிவிடும்.

மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் வெள்ளனே எழுந்து, அவன் செய்ததை ஒன்றுவிடாமல் செய்தேன். நிறுத்தேன், அரைத்தேன், அமுக்கினேன், மாட்டினேன். பொத்தானைத் தட்டினேன். புஸ்ஸென்று ஆவி சீறி, கைப்பிடியைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர் நாலா பக்கமும் தெறித்தது. புதுச் சுவர், புது மேடை, என் சட்டை, எதையும் விடவில்லை. கோப்பையில் தப்பி விழுந்ததைக் குடித்துப் பார்த்தேன். கரியைக் கரைத்துக் குடித்தது போல இருந்தது.

ஆறு வாரம். மார்கழி முழுக்க, பனியில் பூண்டுக் காட்டுக்குப் போகிற சோலியைக்கூட விட்டுவிட்டு, அந்த மெஷினோடு மல்லுக்கட்டினேன். தூளை நைசாக அரைத்தேன், கொரகொரவென்று அரைத்தேன். ஆடலூரில் தெரிந்தவரிடம் சொல்லி, வறுத்த தேதி பார்த்துக் கொட்டை வரவழைத்தேன். பரணில் கட்டித் தொங்கும் பூண்டின் வாசம் ஏறிவிடக்கூடாது என்று கொட்டையை இறுக்கமான டப்பாவில் போட்டுப் பீரோவுக்குள் வைத்தேன். போனில் ஒரு வீடியோ மிச்சம் இல்லாமல் பார்த்தேன். மெஷின் நெற்றியில் 96 என்று சிவப்பாக ஓர் எண் எரியும். தண்ணீரின் சூடு அந்த டிகிரிக்கு ஏறினால்தான் தயார். மச்சான் வைத்துக் கொடுத்த எண், அதனால் அதை மட்டும் நான் தொடவில்லை.

பக்கத்து வீட்டு மணியன் தினமும் வேடிக்கை பார்க்க வந்துவிடுவான். "தானங் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதுண்ணே" என்பான். ஊரில் என் வீட்டுக் காபி பேச்சாகிவிட்டது. டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் எவனாவது வாயாலேயே புஸ்ஸென்று சத்தம் விடுவான்.

மச்சானுக்குப் போன் போட்டேன். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை.

"கோணலா அமுக்கிருப்பீங்க மாப்ள. நேரா அமுக்குங்க. இங்க ஒரு நாளும் அது மக்கர் பண்ணுனதில்ல."

"நேராத்தேன் அமுக்குறேன்."

அவன் சிரித்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதையால்ல இருக்கு. மலைக்காரங்களுக்கு எதுலயும் அவசரம் மாப்ள."

கேலிதான். மச்சான் மாப்பிள்ளைக்குள் அந்தக் கேலிகூட இல்லாவிட்டால் என்ன உறவு. ஆனால் 'மலைக்காரங்க' என்ற சொல் எனக்கு உள்ளே போய்க் குத்தியது. பழனிக்காரர்கள் எல்லாருக்கும் எங்களைப் பற்றி அந்த நினைப்பு உண்டு. குல்லாயும் கம்பளியும் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குகிற பூண்டு மூட்டைகள். இவர்களுக்கு எது கொடுத்தாலும் போதும். கெட்டுப்போன மெஷினைத் தள்ளிவிட்டாலும், தனக்குத்தான் போடத் தெரியவில்லை என்று வாயை மூடிக்கொள்வார்கள். அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டிவிட்டால் எனக்கு அப்புறம் காது கேட்காது.

"எங்க அண்ணன் அப்பிடிச் செய்யாதுங்க" என்றாள் சுந்தரி.

"உங்கண்ணன்தேன், வேற யாரு."

இதற்கு நடுவில்தான் எங்கள் மகள் கண்மணிக்குத் தை மாசக் கடைசியில் பழனியில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக இருந்தது. வயது ஐந்து. மூன்றில் குத்த வேண்டியது, வீட்டு வேலையில் தள்ளிப்போய்விட்டது. காது குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். சுந்தரிக்கு உடன்பிறந்தவன் நாச்சிமுத்து ஒருவன்தான். தோடும் எடுத்து, பட்டுப்பாவாடையும் தைத்து வைத்திருந்தான்.

காது குத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, என் போன் தாங்காமல் அவனே கிளம்பி வந்தான். முதல் பஸ்ஸில் கொடைக்கானல், அங்கிருந்து பூம்பாறை பஸ். கையில் அவன் வீட்டுக் கொட்டை, அவன் வீட்டு அரைக்கிற மெஷின். "வெரசாப் போட்டுக் காட்டிட்டுக் கெளம்புறேன்" என்று செருப்பைக் கழற்றினான். மணியனும் இன்னும் நாலு பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கண்மணி அடுப்படி வாசலில் முறுக்குத் தின்றுகொண்டு நின்றாள்.

அவன் நிறுத்தான், அரைத்தான், அமுக்கினான், மாட்டினான். 96 எரிந்தது. பொத்தானைத் தட்டினான்.

புஸ்.

கொதிக்கிற தண்ணீர் அவன் மணிக்கட்டில் தெறித்தது. கையை உதறிக்கொண்டு மெஷினையே பார்த்தான். மறுபடி போட்டான். மறுபடி புஸ். யாரோ பின்னால் சிரித்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூடாது, அவ்வளவு கேவலமான சந்தோஷம் அது.

"அங்க நல்லாத்தேன் இருந்துச்சு மாப்ள. முருகன் சத்தியமா."

"முருகன ஏன் இழுக்கிற?" என்றேன். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அன்றுதான் அவனை நீ என்று பேசினேன். "கெட்டுப்போனதத் தலையில கட்டிட்டு, எனக்கு அமுக்கத் தெரியலன்னு ஊரு சிரிக்க வச்சியே. ஓட்டை மெஷினச் சீர்னு குடுத்தவன் மடியில என் மக உக்கார மாட்டா. எடுத்துட்டுப் போ."

சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு நகர்ந்தார்கள். கொடுத்த சீரை எடுத்துப் போகச் சொல்வது சாதாரணப் பேச்சு இல்லை. அது உறவை அறுக்கிற பேச்சு. நாச்சிமுத்து வெந்த கையாலேயே மெஷினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். சுந்தரி தெரு முனை வரைக்கும் போனாள். திரும்பி வந்து என்னிடம் பேசவில்லை.

மறுநாள் பழனியிலிருந்து ஒரு வீடியோ வந்தது. அதே மெஷின், அதே 96. தேன் மாதிரி இரண்டு நூல். கீழே ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை.

எனக்கு இன்னும் எரிந்தது. ராவோடு ராவாக ரிப்பேர் பார்த்துவிட்டு என்னை மடையனாக்குகிறான் என்று கத்தினேன். அவன் நம்பரை பிளாக் செய்தேன். "மடிக்கு என்ன பண்ணுவீங்க?" என்று சுந்தரி கேட்டாள். அவள் இரண்டு நாளில் கேட்ட ஒரே கேள்வி அதுதான். "எம்மடி இல்லையா?" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் குக்கர் ரப்பர் கிழிந்துவிட்டது. சுந்தரி பருப்பைத் திறந்த சட்டியில் போட்டாள். காட்டிலிருந்து பசியோடு வந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, சோறு வரவில்லை. எழுந்து போய்ச் சட்டியைப் பார்த்தேன். தளதளவென்று கொதிக்கிறது. ஒரு பருப்பை எடுத்து நசுக்கினால் கல்.

"இவ்வளவு கொதிக்குது, ஏன் வேகல? அடுப்பக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாதா?"

சுந்தரி கரண்டியைக் கீழே வைத்தாள். "கல்யாணமாகி வந்த மாசமும் இதத்தேன் கேட்டீங்க. பழனிக்காரிக்குப் பருப்பு வேக வைக்கத் தெரியலன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க. அன்னைக்கே சொன்னேன். எங்க ஊருல இது அரை மணியில வெந்துரும். இங்க தண்ணி சீக்கிரம் கொதிக்குது, ஆனா சூடு பத்தல. மேல வர வர அப்பிடித்தேன். நீங்க காதுலயே வாங்கல."

குக்கரில் விசில் விட்டே வளர்ந்தவன் நான். கீழே தண்ணீர் வேறு மாதிரி கொதிக்கும் என்று எனக்கு ஏன் தோன்றப்போகிறது?

பதில் சொல்ல வாயெடுத்தவனுக்கு மெஷின் நெற்றியில் எரிந்த 96 ஞாபகம் வந்தது. அலமாரியில் மெஷினோடு வந்த பால் சூடு பார்க்கிற கம்பி கிடந்தது. மச்சான் எடுத்துப்போக மறந்தது. அதை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் விட்டேன். முள் ஏறியது. எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று. அங்கேயே நின்றுவிட்டது. அடுப்பைக் கூட்டினேன். நகரவில்லை.

எங்கள் ஊரில் தண்ணீர் தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்துவிடுகிறது. அதைத் தொண்ணூற்று ஆறுக்கு ஏற்றச் சொன்னால், வெளியே வருகிற நொடியில் ஆவியாகச் சீறாமல் என்ன செய்யும்? பழனியில் அதே தொண்ணூற்று ஆறு கொதிக்கவே கொதிக்காது, அமைதியாகத் தூளில் இறங்கும். நான் தொடாமல் விட்ட அந்த ஓர் எண்ணைக் குறைத்திருந்தால் போதும். மெஷின் நல்ல மெஷின். கொடுத்தவரும் நல்லவர்தான். இதற்கு மேல் அவரை அவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தப்பு தன் மேல் என்று தெரிந்ததும் சிலருக்குக் கோபம் தணியுமாம். எனக்கு இரண்டு மடங்காக ஏறியது. கம்பியை எடுத்துச் சுவரில் எறிந்தேன்.

"அண்ணனுக்குப் போன் பண்ணுங்க" என்றாள் சுந்தரி.

"நேர்ல பேசிக்கிறேன்."

"நான் பேசிட்டேன். காது குத்துக்கு வரும். தங்கச்சி மகளுக்காக வருது. உங்களுக்காக இல்ல."

அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. வரப்போகிறார், மடியில் வைத்துக்கொள்ளப்போகிறார், காரியம் முடிந்துவிடும். அப்புறம் ஒரு நாள், "மச்சான், மலையில டிகிரியக் கொறைக்கணுமாம்ல" என்று யாரோ சொன்னது போலச் சொல்லிவிடலாம். மன்னிப்பு என்ற வார்த்தை இல்லாமல் கடந்துவிடலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் பழனிக்கு பஸ் ஏறினேன்.

அடிவாரத்து மண்டபத்தில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் கூடியிருந்தது. கண்மணிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, மாமன் எடுத்த பட்டுப்பாவாடையைக் கட்டிவிட்டார்கள். நாச்சிமுத்து ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மணிக்கட்டில் வெந்த தழும்பு இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. என்னைப் பார்த்து, "வாங்க" என்றார். மாப்ள என்று சொல்லவில்லை. ஆசாரி தோட்டை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"வாடா கண்ணு, மாமன் மடிக்கு."

கண்மணி நகரவில்லை.

"வாடா."

"மாட்டேன்" என்றாள். "ஓட்டை மெஷின் குடுத்தவர் மடியில உக்காரக் கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காரு."

குழந்தை சத்தமாகப் பேசுகிறவள். மண்டபம் முழுக்கக் கேட்டது. நீட்டிய கையை நாச்சிமுத்து மெல்ல மடியிலேயே வைத்துக்கொண்டார். சுந்தரி என்னைத்தான் பார்த்தாள். அழவில்லை, கெஞ்சவும் இல்லை. இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று வெறுமனே பார்த்தாள்.

வாயை மூடு என்று பிள்ளையை அதட்ட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவள் செய்த குற்றம் என்ன? அப்பன் சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

அவள் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "அப்பா சொன்னது தப்பு கண்ணு. அது நல்ல மெஷின். மாமன் மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப யாரு மேல தப்பு?"

"எம்மேல."

"என்ன சொன்னாப்ல?" என்று பின்னாலிருந்து ஒரு காது கேட்காத பெரியவர் கேட்டார். நான்தான் சொல்ல வேண்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"தப்பு எம்மேலதேன்" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். நாச்சிமுத்துவைப் பார்த்து, "எங்க ஊருல தண்ணி தொண்ணூத்தி மூணுலயே கொதிச்சிருது மச்சான். எனக்குத் தெரியல. தெரியாமப் பேசிட்டேன்" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கண்மணி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, போய் அவர் மடியில் உட்கார்ந்தாள்.

ஊசி இறங்கியதும் வீறிட்டாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெந்த கையாலேயே அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுற்றிலும் பார்த்தேன். கோபித்துக்கொள்ள அங்கே என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.