கோலாக் கொட்டை உடைத்த மாலை

குணவதி லிப்ற் பொத்தானை அழுத்தும்போதே அண்ணை பின்னால் ஓடி வந்துவிட்டார்.

"எங்கை வெளிக்கிட்டனி? நேற்றுத்தான் உன்ரை மனுசன் செத்தது. நாளைக்கு உடலைப் பார்வைக்கு வைக்கினம். சனம் என்ன சொல்லும்?"

"கீழை பார்ட்டி றூமுக்கு, அண்ணை. அவர் கூப்பிட்ட ஆக்கள் வருகினம்."

"கூப்பிட்டவர் இல்லையே!"

"அதுதான் நான் போறன்."

மிசிசாகா நகரிலிருந்து வந்த அண்ணைக்கு இந்த மல்வேர்ன் அடுக்குமாடிக் கட்டடத்துக் கதை என்ன தெரியும்? மூன்றாம் மாடி யோகராணியின் மகனும் நைஜீரியக்காரி சின்யேரேயின் மகனும் பஸ் தரிப்பில் அடிபட்டு, ஒருவனுக்குக் கை முறிவு, மற்றவனுக்கு மண்டையில் தையல். இரண்டு பக்கமும் கூட்டாளிகள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அடுத்தது கத்திதான் என்று கட்டடமே பேசியது. இத்தனைக்கும் இருவரும் குணவதியின் கணவர் சிவபாதத்தின் சனிக்கிழமைக் கணித வகுப்பில் ஒரே மேசையில் இருந்து ஒரே கணக்கைச் செய்தவர்கள். சண்டையோடு வகுப்பும் நின்றது.

சிவபாதம் விடுகிற ஆளில்லை. முன்பு அவரும் குணவதியும் நைஜீரியாவில் படிப்பித்த ஊரில், பகைத்தவர்களைக் கூட்டி இருத்தி, கோலாக் கொட்டையை உடைத்துப் பகிர்ந்து தின்ற பிறகுதான் பேச்சே தொடங்கும். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறப்பதில்லை. அப்படித் தாய்மார் இருவரையும் இருத்திவிட வேண்டுமென்று மாடி மாடியாக ஏறி இறங்கிச் சம்மதம் வாங்கினார். நேற்று மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை. குணவதிக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. முடிக்காமல் எதற்கு மனிதன் போனார்?

தாய்மார் இருவரும் கோட்டைக் கழற்றாமல் அறையின் இரண்டு மூலைகளில் இருந்தார்கள். செத்த வீட்டுக்காரி வரமாட்டாள் என்றுதான் இருவரும் நினைத்திருக்க வேண்டும். குணவதி கோலாக் கொட்டைத் தட்டையும் கத்தியையும் நடு மேசையில் வைத்தாள்.

"அக்கா, இண்டைக்கு உது தேவையோ?" யோகராணி எழும்பிவிட்டாள். "முதல் நீங்கள் அழுது ஆறுங்கோ."

"அழுறதுக்கு நாள் கிடக்கு. வாற சனிக்கிழமை வகுப்பு நடக்கும், நான் படிப்பிப்பன். ஃபக்டரியிலை பெட்டி அடுக்கிறன் எண்டு கணக்கு மறந்துபோகேல்லை. உங்கட பெடியள் ரெண்டு பேரும் வரவேணும். அதுக்கு முதல் நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கவேணும்."

அதையே சின்யேரேக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள். சின்யேரே கத்தியைப் பார்த்தாள்.

"எங்கள் ஊரில் பெண்கள் இதை உடைப்பதில்லை. உங்களுக்குத் தெரியுமே," என்றாள் ஆங்கிலத்தில்.

குணவதிக்கா தெரியாது? அந்த ஊரில் ஆண்களுக்குப் பின்னால் இருந்து, கைக்கு வந்த துண்டைத் தின்றவள்தானே.

"தெரியும். எங்கள் ஊரில் நான் இன்றைக்கு வாசலே தாண்டக்கூடாது."

சின்யேரே கோட்டைக் கழற்றினாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு நடு மேசைக்கு வந்து இருந்தாள்.

"உடையுங்கள்."

குணவதி கத்தியை அழுத்தினாள். கொட்டை பிளந்தது. சின்யேரே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். யோகராணி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அக்கா, உது கசக்குமோ?"

"ஓம். நல்லாக் கசக்கும்."

யோகராணி மேசையடிக்கு வந்து உள்ளங்கையை நீட்டினாள்.