படகுக்காரனின் மூக்கு

"செத்தானா, பொழைச்சானா? அதை மட்டும் சொல்லு."

"முதல்ல மூலையைப் பிடிங்க அண்ணி. தரையில படுது பாருங்க."

"மூலை எங்கயும் ஓடிப்போயிடாது. நீதான் வந்ததுலேர்ந்து நழுவுற."

அண்ணி படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள். எதிர்முனையில் இருந்தவள் மறுபக்கம் நகர்ந்தாள். இருவரும் ஒரு சுண்டு சுண்டி இழுத்தார்கள். சூடாகத் தேய்த்துத் தள்ளும் உருளையிலிருந்து அப்போதுதான் வந்த துணி, வெதுவெதுப்பாகக் காற்றை வாங்கி இறங்கியது. பிறகு மடிப்பதற்காக ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள்.

அந்த விடுதியின் சலவைக்கூடத்தில் பேசுவதற்கு இருந்த இடம் அது ஒன்றுதான். இயந்திரங்கள் போட்ட கூச்சலில் ஒரு விரிப்பின் நீளத்துக்கு அப்பால் எதுவும் கேட்காது. கைகள் சந்திக்கும்போது இரண்டு வாக்கியம், அடுத்த விரிப்பில் இன்னும் இரண்டு. கதை அப்படித்தான் நகரும்.

கதை சொல்பவளுக்கு அங்கே வானொலி என்று பெயர். வேறெங்கும் அவள் வாயைத் திறப்பதில்லை. வேலைக்குச் சேர்த்துவிட்ட அண்ணிகூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவள் சொல்லும் கதை ஒரு தொலைக்காட்சித் தொடர். ஞாயிறு மாலை அது வரும் நேரத்தில் அண்ணி வீட்டுத் தொலைக்காட்சியில் அண்ணனின் கால்பந்து ஓடும். அதனால் மேல்நோக்கிப் பாயும் ஆறும், நாடிழந்த ராணியும், அவளைப் பேசாமல் சுமந்து போகும் படகுக்காரனும் திங்கள் காலைகளில் வானொலியின் வாய்வழியாகத்தான் அண்ணிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"அவனுக்கு ஏதாச்சும் ஆச்சு, அப்புறம் எங்கிட்ட கதையே பேசாதே," என்று அண்ணி போன வாரமே சொல்லிவிட்டாள். "நான் உருளைப் பக்கம் போயிடுவேன்." உருளைப் பக்கம் போனால் பேச்சே கிடையாது.

நேற்று மாலை படகுக்காரன் செத்துப்போனான்.

அதுவும் எப்படி! அக்கரை தெரிந்துவிட்டது. படகின் பாரம் குறைந்தால்தான் ஆறு வழிவிடும் என்றது ஒரு குரல். ராணி கொஞ்சமும் யோசிக்காமல் அவன் முதுகில் கைவைத்தாள். வானொலி அதற்குப் பிறகு வெகுநேரம் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனுக்காக அழுதது பாதி. திங்கட்கிழமையை நினைத்து அழுதது மீதி.

கைகள் சந்தித்தன.

"தள்ளிவிட்டுட்டா அண்ணி."

"யாரு? ராணியா? அடிப்பாவி!"

விரிப்பு அடுக்கில் ஏறியது. அடுத்ததை எடுத்து விலகினார்கள். அத்தனை தூரத்திலிருந்தும் அண்ணியின் முகம் சுருங்கியிருப்பது தெரிந்தது. திரும்பி நடந்து வரும்போது வானொலியின் வாய் தானாகவே பேசியது.

"ஆனா அவன் சாகலை. ஒரு வேரு கையில தட்டுப்பட்டுச்சு. அதைப் பிடிச்சு, தவழ்ந்து தவழ்ந்து கரைக்கு வந்துட்டான்."

அண்ணி விட்ட மூச்சில் துணியே அசைந்தது. "அப்படிச் சொல்லு! அவன் ஆத்துலயே வளர்ந்தவன்டீ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று வானொலிக்குத் தெரியும். ஆனாலும் அண்ணி சிரிப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வேன் டிரைவர் உள்ளே வந்தான். சட்டைப் பையில் ஒரு கறுப்புத் துணித்துண்டைக் குத்தியிருந்தான். கண் வீங்கியிருந்தது. வானொலி உதட்டில் விரலை வைத்தாள், தலையை ஆட்டினாள். அவன் எங்கே பார்த்தான்?

"அக்கா, விஷயம் தெரியுமா? கொன்னுட்டாங்க! இத்தனை வருஷம் துடுப்பு போட்டவனை அந்த நன்றிகெட்டவ நட்டாத்துல தள்ளிட்டா. அப்படியே கல்லு மாதிரி அடியில போயிட்டான். என் வீட்டுக்காரி அழுத அழுகை இருக்கே, எங்கப்பா செத்தப்பகூட அவ அப்படி அழலை! பெட்ரோல் போடுற இடத்துல ரெண்டு பேர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. எழுதினவன் கையில கிடைச்சா தொலைஞ்சான்."

அண்ணி மூலைகளைப் பிடித்தபடியே நின்றாள். நடுவில் துணி தொய்ந்து தரையைத் தொட்டது. இந்த முறை யாரும் அதைச் சொல்லவில்லை.

"அடியில போனதை நீ பார்த்தியா?"

"கண்ணால பார்த்தேன்க்கா. பொணத்தையும் காட்டினாங்க."

"உன் வேன் கண்ணாடியில படம் ஒட்டியிருக்கியே, அந்த ஆளா?"

"அவனேதான்."

"கத்திரிக்காய்க்குக் காம்பு வச்ச மாதிரி மூக்கு. அவனை நான் அன்னைக்கே பார்த்தேன். எங்க படகுக்காரன் அவன் இல்லை தம்பி. எங்காளுக்கு மூக்கு எடுப்பா இருக்கும். நீ போய்த் துணியை இறக்கு."

டிரைவர் வானொலியைப் பார்த்தான். அவளுக்குத் தலை நிமிரவில்லை. அவன் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

அண்ணி உருளைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அங்கே ஒரு இடம் காலியாகத்தான் இருந்தது. வானொலி மூலைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி தரையில் பட்ட விரிப்பை உதறி, அழுக்குக் கூடையில் போட்டாள். மடிக்காத குவியலிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, அதன் இரண்டு மூலைகளை வானொலியின் கையில் திணித்தாள். பின்பக்கமாக நடந்தாள். சுண்டினாள். வழக்கத்தைவிட மெதுவாக நடந்து வந்தாள். கைகள் சந்தித்தும் துணியை விடவில்லை.

"கரைக்கு வந்தான்னு சொன்னியே. உடம்பெல்லாம் நனைஞ்சிருக்கும், பாவம். குளிருமே. பக்கத்துல ஏதாச்சும் வீடு இருந்துச்சா? அப்புறம் என்ன பண்ணான், சொல்லு வானொலி."