கறிக்குக் கொடுத்த மீன்

எங்கள் துறைமுக வாசல் முன்பெல்லாம் நன்றாக விடிந்த பிறகுதான் திறக்கும், பிள்ளைகளே. படகுகளோ இருட்டோடு வந்துவிடும். பெட்டியில் ஐஸ் உருகும். கந்தளாய்ச் சந்தைக்குப் போகும் லொறி புறப்பட்டுவிடும். தனியே ஒரு படகை வைத்து நடத்தும் சப்ரினா, வாசல் கம்பியைப் பிடித்தபடி நிற்பாள்.

சுபஹுத் தொழுகைக்கு முன்னே திறந்துவிடுங்கள் என்று அவள் கேட்காத நாளில்லை. மீன் பார்க்கும் அதிகாரி அருளம்பலம் கல்நெஞ்சக்காரர் அல்ல. இருட்டில் திறந்தால் குஞ்சு மீனும் வெடி போட்ட மீனும் கண்ணுக்குத் தப்பிவிடும் என்று பயந்தார். கடைசியில் மேலிடத்தில் பேசி, ஒரு மாதம் திறந்து பார்க்கச் சம்மதம் வாங்கினார். எல்லா மீனும் அந்த வாசலால் வந்து அவருடைய தராசில் ஏறவேண்டும் என்பது விதி. ஒன்று தப்பினாலும் பழைய நேரம்தான்.

மாதம் முடியும் விடியலில் சப்ரினாவின் படகு நிறைந்து வந்தது. மீனை நிறுத்து ஏற்றியதும் லொறியும் போய்விட்டது. விடியல் திறப்பை நிலையாக்கும் தாளில் கையெழுத்துப் போடுமுன் அருளம்பலம் வழக்கம்போல, வேறெங்கும் இறக்கினீர்களா என்று படகோட்டி முத்துலிங்கத்திடம் கேட்டார்.

"இல்லை சேர். வாற வழியில தங்கச்சிக்குக் கறிக்குக் கொஞ்சம் எறிஞ்சனான். அவ்வளவுதான்."

பேனா நின்றது. சப்ரினா தலையில் கை வைத்தாள்.

முத்துலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய தங்கை குணமணியின் வீடு துறைமுகத்துக்குச் சற்று முன்னால், கரையோரம். பிள்ளை பெற்ற மகளுக்கு மருந்துபோல் கொடுக்கும் சரக்குக் கறி வைக்கவென்று, இடுப்பளவு தண்ணீரில் சட்டியோடு நின்றிருக்கிறாள். தண்ணீரில் நின்று கேட்பவளுக்கு இல்லையென்று சொல்ல எங்கள் கரையில் யாருக்கு மனம் வரும்?

"கறிக்குக் குடுக்கிறதும் மீன் கணக்கோ, சேர்?" என்றார் பாவம்.

"நான் பாக்காத மீன் கரைக்குப் போயிட்டுது. இனி ஏலாது, சப்ரினா," என்றார் அருளம்பலம். சப்ரினாவின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

அவள் உடனே குணமணிக்குப் போன் போட்டாள். அடுப்பில் கொதிக்கிறது என்றாள் குணமணி. அப்படியே தூக்கிக்கொண்டு வாங்கோ என்றாள் சப்ரினா.

ஆட்டோவில் மடியில் சட்டியோடு வந்திறங்கினாள் குணமணி. வாசலிலிருந்தே தமையனுக்கு ஏச்சு.

"பிள்ளைபெத்த வீட்டு அடுப்பை அணைக்க வைச்ச மாமன் நீங்கள் ஒருவர்தான்."

சட்டி தராசில் ஏறியது. மூடியைத் திறந்ததும் மிளகும் உள்ளியும் மணந்து, நின்றவர்கள் எல்லாம் கிட்ட வந்துவிட்டார்கள். அளவுகோலைக் குழம்புக்குள் விடப்போன அதிகாரியின் கையைத் தட்டிவிட்டு, குணமணியே மீன்களை மூடியில் எடுத்து வைத்தாள். தலையும் வாலும் கெடாத, நன்கு வளர்ந்த விளைமீன்கள். அருளம்பலம் வெடிக்காயம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார், அளந்தார். பிறகு விதிகளை மனதுக்குள் ஒருமுறை ஓடவிட்டார்.

"எல்லா மீனும் இந்த வாசலால வந்து தராசில ஏறவேணும் எண்டுதான் கிடக்கு. பச்சையா வரவேணும் எண்டு எழுதேல்லை."

சிரிப்புச் சத்தத்தில் கூரையிலிருந்த காகங்கள் பறந்தன. சட்டி, அதே ஆட்டோவில், சூடு ஆறுமுன் வீடு போனது.

விடியல் திறப்பு நிலைத்தது. நிறுத்த மீனில் கறிக்கு எடுத்து வைக்கத் தராசுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கூடை இருக்கிறது. ஆகையால் படகுகளுக்கு முன்னமே பெண்கள் சட்டிகளோடு வந்துவிடுகிறார்கள். அருளம்பலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசல் பூட்டின் திறப்பைத் தேட, பேத்தியை இடுப்பில் வைத்தபடி குணமணி வாசலைத் தட்டுகிறாள்:

"கெதியாத் திறவுங்கோ சேர், உலை கொதிக்குது."