லேபிள் உரித்த டிரம்கள்

என் தம்பிக்கு மூளை கிடையாது என்று நான் சொன்னால் பொறாமையில் பேசுகிறேன் என்பார்கள். பெரிய கெமிக்கல் கம்பெனியில் கோட்டு போட்ட அதிகாரி அவன். பன்னிரண்டு கம்பெனிகளைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு அமைத்திருந்தான். எதையும் தூக்கிப் போடக் கூடாது, ஒருவர் கழிப்பது இன்னொருவருக்குச் சரக்காக வேண்டும், அதுதான் திட்டம். அவர்கள் காலி செய்யும் பிளாஸ்டிக் டிரம்களைக் கழுவித் திருப்பித் தரும் வேலை என் பட்டறைக்கு வருவதாக இருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். கிடைத்தால் ஆறு வீட்டில் அடுப்பு எரியும், கிடைக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான்.

தொடக்க விழாவை எங்கள் பட்டறையிலேயே வைத்தான். காலையில் லாரி வந்து நாற்பது நீல டிரம்களை இறக்கியது. எல்லாம் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றில்கூட லேபிள் இல்லை.

உள்ளே இருந்தது எண்ணெயா, சாயமா, அமிலமா என்று எங்களுக்குச் சொல்வது லேபிள் ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் பிரித்து அடுக்குவோம், மூடி திறக்கும் விதமும் அதைப் பொறுத்ததுதான். கழுவி முடித்த பிறகே அதை உரிப்போம். ஐந்து வருடத்துக்கு முன் லேபிள் இல்லாத ஒரு டிரம்மின் மூடியை என் புருஷன் திறந்தார். அடியில் மிச்சம் கிடந்து வாயு அடைத்துக்கொண்டு நின்ற அமிலம் முகத்தில் அடித்தது. இடது கண் போயிற்று. ஆஸ்பத்திரியில் என்னோடு உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதவன் இதே தம்பிதான்.

"லேபிள் எங்கடா?"

"உரிக்கச் சொல்லிட்டேன்க்கா. போட்டோல அசிங்கமா தெரிஞ்சுது."

"உரிச்சு என்ன பண்ணின?"

பெருமையாக மேடைப் பக்கம் கை காட்டினான். நாற்பது லேபிளையும் வெட்டி, பலகையில் பெரிய வட்டமாக ஒட்டி, நடுவில் 'நல்வரவு' என்று எழுதியிருந்தார்கள். அதைக்கூட வீணாக்கவில்லையாம். கிட்டே போய் ஒவ்வொன்றாகப் படித்தேன். முப்பத்தேழு சோப்பு எண்ணெய், மூன்று அமிலம். எந்த மூன்று டிரம் என்பதை அந்த வட்டம் சொல்லவில்லை.

"எல்லாத்தையும் திரும்ப ஏத்து," என்றேன்.

"விளையாடாதக்கா. எங்க கூட்டமைப்புத் தலைவர் வந்துட்டார். ஒரே ஒரு டிரம் கழுவிக் காட்டுங்க போதும்." குரலைத் தாழ்த்திக்கொண்டு என் புருஷனிடம் போனான். "மாமா, நீங்க மோந்து பாத்தே சொல்லிடுவீங்களே."

"மோந்து பாக்கணும்னா மூடியைத் திறக்கணும்டா, முட்டாள்!"

நான் போட்ட கத்தலில் வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் புருஷனோ மச்சான் சொல்லைத் தட்டாத மனுஷர். கையுறையை மாட்டிக்கொண்டு மூடியைத் திருகித் திறக்கும் சாவியை எடுத்துவிட்டார். அதைப் பிடுங்கித் தம்பியின் கையில் திணித்தேன்.

"முதல் டிரம்மை நீ திற. ஏதாவது ஒண்ணு. உனக்கு எது பிடிக்குதோ அது."

தலைவரும் சிரித்துக்கொண்டே, "திறங்களேன், நல்லா இருக்கும்," என்றார். போட்டோ எடுப்பவன் தயாராக நின்றான். தம்பி சாவியைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான். பிறகு இரண்டடி பின்னால் போனான்.

என் புருஷன் அதைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். "லாரியில ஏத்துங்கப்பா," என்று ஆட்களிடம் சொன்னார். அவர் குரல் அவ்வளவு கடினமாகி நான் கேட்டதில்லை.

"இனிமே உனக்குத் தம்பியே இல்லைன்னு நெனச்சுக்க," என்று பல்லைக் கடித்தான் அவன். "நீ இல்லன்னா பல்லு இருக்கான். அவன் எதை வேணாலும் கழுவுவான்."

பல்லு எங்கள் பழைய கூட்டாளி. எங்கள் வாடிக்கைகளைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தெருவிலேயே பட்டறை போட்டவன். ஆறு வருடமாக அவன் முகத்தில் நான் விழித்ததில்லை. லாரி கிளம்பியதும் அவனுக்குப் போன் போட்டேன்.

"நாப்பது டிரம் வருது. மூணுல அமிலம். மூடியைத் தொடாத."

"எந்த மூணு?"

"தெரியாது."

"என் பொழப்புல மண்ணைப் போடத்தானே போன் பண்ற?"

"அப்படியே வச்சுக்க. தொடாத." வைத்துவிட்டேன். அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை எனக்கு.

மறுநாள் பல்லுவே கூப்பிட்டான். எடுத்த எடுப்பிலேயே கத்தினான். "உன் பேச்சைக் கேட்டு லாரியைத் திருப்பி அனுப்பினேன். உன் தம்பி எனக்கும் வேலை கிடையாதுன்னுட்டான். நாசமாப் போனேன் உன்னால!"

"உன் ஆளுங்க நல்லா இருக்காங்களா?"

"அவனுங்களுக்கு என்ன கேடு, கல்லு மாதிரி இருக்கானுங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். என் வம்சத்தையே இழுத்து வைத்துத் திட்டினான். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம், "ம், சொல்லு," என்றேன்.