ஒரு சோடி வெள்ளிக் கை

"அம்மா, கிங்ஸ்டன் அண்ணா விளையாட வேணுமெண்டால் லாசர் விழவேணுமோ?"

ஏழு வயதுத் தர்மிளா இப்படிக் கேட்டது 2012ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். பாரிசிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போகவேண்டிய ஊரில், பெரிய உதைபந்தாட்டக் கழகமொன்றின் பயிற்சி நிலையம் இருந்தது. அதன் மைதானத்தில் இரண்டாம் அணி விளையாடிக்கொண்டிருந்தது. முதலாம் அணியின் ஆட்டத்துக்கு நாற்பதாயிரம் பேர் வருவார்கள். இரண்டாம் அணிக்கு வருகிறவர்கள் பெற்றோரும், நாயோடு உலாவ வந்த சில கிழவர்களும்தான்.

பியட்றிஸ் மகளின் கையில் ஒரு மட்டன் றோலை வைத்தாள். "சாப்பிடு. வாயை மூடிக்கொண்டு பார்."

பக்கத்தில் இருந்த ஆலீஸ் திரும்பினாள். அவள் லாசரின் தாய். கொங்கோவிலிருந்து வந்து பாரிசின் புறநகரான ஆர்ஜொந்தெயில் குடியிருப்பவள். தமிழ் தெரியாவிட்டாலும் மகனின் பெயர் காதில் விழுந்துவிட்டது. "சின்னவள் என்ன கேட்கிறாள்?" என்றாள் பிரெஞ்சில்.

"லாசர் நன்றாக விளையாடுகிறான் என்கிறாள்" என்றாள் பியட்றிஸ்.

ஆலீஸ் மகிழ்ந்து போய்த் தன் போத்தலிலிருந்த இஞ்சிச் சாற்றை ஒரு கோப்பையில் ஊற்றித் தர்மிளாவிடம் நீட்டினாள். பியட்றிசுக்கு முகம் சுட்டது. ஆனால் அந்தப் பொய்யை அவள் திருத்தவில்லை.

லாசரும் பியட்றிசின் மகன் கிங்ஸ்டனும் 2009இல் பதினாறு வயதில் ஒரே நாளில் அந்த நிலையத்துக்கு வந்தவர்கள். இருவரும் கோல் காப்பாளர்கள். ஒரே அறையில் இரண்டு கட்டில். மற்ற இடங்களில் விளையாடுகிற பிள்ளைகளைப் பயிற்சியாளர் ஒரு கிழமை வெளியே எடுப்பார், மறு கிழமை உள்ளே விடுவார். கோல் காப்பாளரை அப்படி மாற்றுவதில்லை. முதல் ஆள் பெரிய பிழை விடவேண்டும், அல்லது விழவேண்டும். அதுவரை இரண்டாவது ஆள் தடித்த குளிர்ச்சட்டையோடு மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருக்கவேண்டும். இருபது வயதாகிற ஆண்டின் சித்திரையில் கழகம் கடிதம் அனுப்பும். ஒருவனுக்குத் தொழில்முறை ஒப்பந்தம் கிடைக்கலாம். இருவருக்கும் கிடைத்ததாக ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

கிங்ஸ்டனுக்கு இருந்த வேலை, ஆட்டத்துக்கு முன் லாசருக்குப் பந்து அடித்துக் கொடுப்பது. அரை மணி நேரம் மூலைக்கு மூலை அடிப்பான். கடைசிப் பந்தை மட்டும் மெதுவாக, நேராக லாசரின் நெஞ்சுக்கு அடிப்பான். லாசர் அதை அணைத்துக்கொண்டு உள்ளே போவான்.

"ஏன்ரா அதை மட்டும் அப்பிடி அடிக்கிறாய்?" என்று பியட்றிஸ் ஒருமுறை கேட்டாள்.

"கடைசிப் பந்து கையுக்கை இருக்கவேணும் அம்மா. இல்லாட்டி மனம் பதறும்."

"அவனுக்குப் பதறினால் உனக்கென்ன?"

கிங்ஸ்டன் தாயைப் பார்த்தான். காதுக்குள் பாட்டை மாட்டிக்கொண்டான்.

பாரிசின் ஓரத்தில், சார்செல் வீட்டில் அவனுடைய தகப்பன் மரியரட்ணம், உணவகத்துச் சமையலறையில் நின்று வந்த காலை வெந்நீரில் வைத்தபடி சொல்லுவார்: "நாலு வருசம் வாங்கிலை குந்தியிருக்கிறான். கோயில் வாங்கிலை இருந்திருந்தாலும் புண்ணியம் சேர்ந்திருக்கும்."

"பகிடி விடாதேங்கோ. பிள்ளைக்குக் கேக்கப் போகுது."

"கேக்கட்டும். அவனும் சிரிக்க வேணாமே?"

தை மாதத்தில் பியட்றிஸ் மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். மகன் ஒரு ஆட்டத்திலாவது கோலுக்குள் நிற்கவேண்டும். நின்றால் ஒரு சோடி வெள்ளிக் கை காணிக்கை. நோய் மாறினால் மாறிய உறுப்பை வெள்ளியில் செய்து கொடுப்பது அவளுடைய சனங்களின் வழக்கம். காரியம் நடந்த பிறகுதான் செய்விப்பார்கள். பியட்றிசுக்குப் பொறுமை இருக்கவில்லை. கையைச் செய்து வைத்துவிட்டால் மாதாவும் தட்டமாட்டா என்று நினைத்தாள்.

பாரிசின் லா சப்பல் பகுதியில், ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் அவள் காய்கறி நிறுக்கும் கடைக்கு இரண்டு கதவு தள்ளி வரதராசாவின் நகைக்கடை.

"கையோ அக்கா? ஆருக்குக் கை ஏலாது?"

"ஒருத்தருக்கும் ஏலாமல் இல்லை. மகன்ரை கை. கோல் காக்கிற கை."

"அப்ப விரலைக் கொஞ்சம் அகட்டி அடிக்கிறன், பந்து நழுவாது. எங்கடை பிள்ளையாரிட்டையும் ஒரு சொல்லுச் சொல்லி விடுறன். அவருக்கும் வயிறு பந்து மாதிரித்தானே."

இருவரும் சிரித்தார்கள். சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு கைகள், விரல் விரித்தபடி. பியட்றிஸ் அவற்றைக் கைலேஞ்சியில் சுற்றி அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்தாள். மாதாவிடம் அவள் கேட்டது மகன் நிற்கவேண்டும் என்பது மட்டுமே. அது எந்த வழியால் நடக்கும் என்று அவள் கேட்கவில்லை. தர்மிளா கேட்டிருந்தாள்.

மார்ச் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. மழை விட்டு நிலம் சேறாகக் கிடந்தது. உயரே வந்த பந்துக்கு லாசர் பாய்ந்தான். எதிரணி ஆள் ஒருவனும் பாய்ந்தான். கீழே வரும்போது லாசரின் வலது முழங்கால் உடம்புக்கு அடியில் தவறான பக்கம் மடிந்தது. அவன் போட்ட சத்தம் வெறும் மைதானத்தில் எதிரொலித்து இரண்டு தரம் கேட்டது.

பியட்றிஸ் லாசரைப் பார்க்கவில்லை. வாங்கைப் பார்த்தாள். கிங்ஸ்டன் எழுந்து குளிர்ச்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளுடைய வலது கை தானாக நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்குப் போனது, இரண்டு தோளுக்கும் போனது. சிலுவை போட்டு முடித்தபிறகுதான் பக்கத்து இருக்கை வெறுமையாக இருப்பதைக் கண்டாள். ஆலீஸ் படிகளில் விழுந்தெழும்பிக் கம்பி வேலியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

அன்று கிங்ஸ்டனுக்குக் கடைசிப் பந்தை நெஞ்சுக்கு அடித்துக் கொடுக்க ஒருவரும் இல்லை. குளிர்ந்த கையோடு உள்ளே போனான். இரண்டு கோல் வாங்கினான்.

ஐந்து நாள் கழித்து ஆலீஸ் லா சப்பலுக்கு வந்தாள். கடை வாசலில் வெண்டிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவே, வேலைச் சட்டையோடு நின்றாள். ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு நேரே வந்திருந்தாள். கையில் ஒரு பை.

"லாசரின் கையுறைகள்" என்றாள். "புதியவை. கிங்ஸ்டனுடையது உள்ளங்கையில் தேய்ந்துவிட்டதாம். ஈரப் பந்து வழுக்கும், இதைப் போடட்டும் என்று சொல்லி அனுப்பினான்."

பியட்றிஸ் பையை வாங்கினாள். "கால் எப்படி?" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டாள்.

"உள்ளே நார் அறுந்துவிட்டது. வெட்டித் தைக்கவேண்டுமாம். ஒரு வருடம் என்கிறார்கள். பிறகும் பழையபடி வராது என்று ஒரு டாக்டர் சொல்கிறார்." ஆலீஸ் ஒரு தக்காளியை எடுத்துப் பார்த்து அது இருந்த இடத்திலேயே வைத்தாள். "நீ கவலைப்படாதே. இனி கிங்ஸ்டனாவது விளையாடட்டும். எங்கள் கோயிலில் மன்றாட்டு எழுதுகிற கொப்பி இருக்கிறது. நாலு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அதில் இரண்டு பெயரும் எழுதுகிறேன். லாசர், கிங்ஸ்டன். சாமியார் கேட்டார், இரட்டைப் பிள்ளைகளா என்று!"

அவள் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

பியட்றிஸ் வாயைத் திறந்தாள். பொய் சொன்னதையும் சிலுவை போட்டதையும் சொல்லிவிடவேண்டும் போலிருந்தது. அதற்குள் ஒரு பெண் முருங்கைக்காயை நீட்டி விலை கேட்டாள். நிறுத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது ஆலீஸ் தெருவைக் கடந்துவிட்டாள்.

நாலு வருடம். ஒரு முறைகூட அவளுடைய செபத்தில் லாசரின் பெயர் வந்ததில்லை. அது வராமல் இருந்ததே தன் மகனுக்கு நல்லது என்று அவள் நினைத்திருந்தாள்.

கிங்ஸ்டன் அந்தக் கையுறைகளோடு மிச்சம் ஆறு ஆட்டமும் விளையாடினான். நன்றாகவும் விளையாடினான்; இரண்டு ஆட்டத்தில் ஒரு கோலும் வாங்கவில்லை. பியட்றிஸ் மைதானத்துக்குப் போனாள், ஆனால் றோல் செய்து கொண்டுபோகவில்லை. பக்கத்து இருக்கையில் தன் கைப்பையை வைத்துக்கொண்டாள். நேர்த்தி நிறைவேறிவிட்டது. காணிக்கை கொடுக்கவேண்டும். அலுமாரியைத் திறப்பாள், கைலேஞ்சியைத் தொடுவாள், மூடுவாள். இன்னொரு தாயின் பிள்ளை சேற்றில் கிடந்து கத்தியதற்கு எப்படி நன்றி சொல்வது? கொடுக்காமல் வைத்திருந்தால் மாதாவை ஏமாற்றியதாகுமா? சாமியாரிடம் கேட்கலாம். கேட்டால் சொல்லவேண்டி வரும்.

"ஏனப்பா, ராவிலை நித்திரை கொள்ளாமல் புரளுறாய்?" என்றார் மரியரட்ணம். "மகன்தான் விளையாடுறானே."

"ஓம், விளையாடுறான்" என்றாள்.

சித்திரை முடிகிறபோது கடிதம் வந்தது. கிங்ஸ்டன் அதைச் சமையலறையில் நின்றபடியே வாசித்து, மடித்து, சீனிப் போத்தலுக்கு அடியில் வைத்தான்.

"என்ன எழுதியிருக்கு?"

"என்னை வைச்சிருக்க மாட்டினமாம். லாசருக்கும் இதே கடிதம்தான், இப்பதான் ஃபோன் அடிச்சுச் சொன்னவன். பெல்ஜியத்திலையிருந்து ஒருத்தனை எடுத்திட்டினமாம்."

மரியரட்ணம் பகிடி ஒன்றும் விடவில்லை. எழுந்து மகனுக்குச் சோறு போட்டார். தர்மிளா தன் தட்டிலிருந்த முட்டைப் பொரியலை அண்ணனின் தட்டுக்குத் தள்ளினாள். அவன் அதைச் சாப்பிட்டான்.

வைகாசியில் கிங்ஸ்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பொதிக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்ஜொந்தெய்க்குப் போய் லாசரைச் சீன் ஆற்றங்கரையில் நடக்கவைத்தான். தாங்குகட்டையோடு நூறு அடி, பிறகு இருநூறு அடி. பரவாயில்லை என்பதைப் பிரெஞ்சில் "சா வா" என்று மட்டும் வீட்டில் சொல்லுவான். லாசர் எப்படி இருக்கிறான் என்று கேட்ட தாய்க்கு அது போதவில்லை.

ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை பியட்றிஸ் கைலேஞ்சியோடு வரதராசாவின் கடைக்குப் போனாள்.

"தம்பி, இதை உருக்கிக் கால் ஒண்டு அடிச்சுத் தாங்கோ."

வரதராசா வெள்ளிக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பழுதும் இல்லை. "ஏனக்கா, மாதாவுக்குப் பிடிக்கேல்லையோ?"

"குடுக்கேல்லை."

"பாதம் மட்டும் போதுமோ?"

"இல்லை. முழங்கால் வேணும். முழங்கால்தான் முக்கியம். வலது."

"ஆரின்ரை கால்?"

பியட்றிஸ் தெருவைப் பார்த்தாள். "ஒரு பிள்ளையின்ரை" என்றாள்.

அவன் வெள்ளிக் கைகளை எடுத்தான். தராசில் வைத்துப் பார்த்தான். "முழங்கால் வரைக்கும் வாறதெண்டால் வெள்ளி காணாது. மிச்சத்தை நான் போடுறன். இல்லை, இல்லை, நீங்கள் பேசாமல் இருங்கோ. பிள்ளைக்கெண்டு சொல்லிப்போட்டியள்தானே."

வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்க முன், அவள் கோயிலுக்குப் போனாள். உள்ளே யாரும் இல்லை. பக்கத்துப் பீடத்து மாதாவின் முன்னால் முந்தின நாள் மெழுகு உறைந்து கிடந்தது. பியட்றிஸ் முழந்தாளிட்டாள். பழக்கத்தில் கிங்ஸ்டனின் பெயர் நாக்குக்கு வந்தது. அதைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, சிலுவை போட்ட அந்தக் கையைப் பற்றியும் இஞ்சிச் சாற்றைப் பற்றியும் மாதாவிடம் முதலில் சொன்னாள். சொல்ல வெகுநேரம் எடுத்தது.

பிறகு எழுந்து, வெள்ளி முழங்காலை மாதாவின் பாதத்துக்குப் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில் வைத்தாள். வாசலுக்குப் பக்கத்தில் இங்கேயும் ஒரு மன்றாட்டுக் கொப்பி இருந்தது. நூலில் கட்டிய பேனையை எடுத்து லாசர் என்று எழுதினாள். அதற்குக் கீழே கிங்ஸ்டன் என்று எழுதினாள். பிரெஞ்சில் எழுத்துப் பிழை வந்துவிடும் என்று தமிழிலேயே எழுதினாள். முன்னால் எழுதியிருந்த பக்கங்களில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

கொப்பியை மூடாமல் வைத்துவிட்டு, வெண்டிக்காய்ப் பெட்டிகளை இறக்க நேரமாகிவிட்டது என்று வெளியே நடந்தாள்.